எண்ணிக்கைக்கு ஒரு பிள்ளை

மாரியம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்ற யோசனையைச் சொன்னவன் கணேஸ்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கல்மலைத் தேயிலைத் தோட்டத்தில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் முதலில் வாயைத் திறக்கிறவன் அவன். செடி மறுபடி தழைக்கக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். தொழிற்சங்கத்தில் தோட்டத் தலைவர், பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளர், கோயில் கமிட்டியிலும் ஏதோ ஒன்று. இத்தனைக்கும் சேர்த்து ஊரில் அவனுக்கு ஒரே பட்டம், தலைவர். அந்தச் சொல் காதில் விழுந்தால் அவன் முதுகு தன்பாட்டில் நிமிர்ந்துகொள்ளும்.

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே, மத்தியானத்திலும் மூடுபனி விலகாத அந்த மலையில், பள்ளிக்கூடம் பதினோராம் ஆண்டு ஓ.எல். வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஏ.எல். படிக்க தெல்தெனியவுக்கோ கண்டிக்கோ பஸ் ஏற வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் பஸ் மேலே வராது. பெண்பிள்ளை இருட்டில் போய் இருட்டில் வரவேண்டுமா என்று பெற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்ற பிள்ளைகள் தைக்கிற வேலைக்குக் கார்மெண்டுக்குப் போயின, கொழும்பில் துணிக்கடைக்குப் போயின, பதினெட்டில் கல்யாணம் கட்டிக் கொழுந்துப் பையை மாட்டின. ஏ.எல். வகுப்பு இங்கேயே வேண்டும் என்று கணேஸ் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. அதற்காக அவன் வேலைக்குப் போகாமல், பேர் விழாமல், சம்பளம் இழந்த நாட்கள் ஏராளம். இதை அவன் எதிரிகளும் ஒத்துக்கொள்வார்கள்.

கடைசியில் வலயக் கல்வி அலுவலகம் இறங்கி வந்தது. கலைப் பிரிவு மட்டும் தரலாம், பதினைந்து பிள்ளைகள் இருக்கவேண்டும், ஆபீசர் நேரில் வந்து எண்ணிப் பார்ப்பார் என்றார்கள். அந்த வருஷம் ஓ.எல். எழுதியவர்களில் நிச்சயம் பாஸாகக் கூடியவர்கள் என்று அதிபர் நளீர் சேர் நம்பியதும் சரியாகப் பதினைந்து பேரைத்தான். ஒன்று குறைந்தாலும் வகுப்பு இல்லை. இரண்டு மூன்று வீடுகளில் பிள்ளையை வெளியே அனுப்புகிற பேச்சு அடிபட்டது. அதைக் கேட்டுத்தான் கணேஸுக்குச் சூடம் ஞாபகம் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் தட்டில் சூடத்தைக் கொளுத்தி வைத்தார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகாது என்று சொல்லி, ஒவ்வொரு தகப்பனும் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். முதல் கை கணேஸின் கை. தன் மகள் லோஜினியை அப்போது அவன் நினைத்துப் பார்க்கவே இல்லை. அவள் தன் வீட்டுப் பிள்ளை, அவள் எங்கே போய்விடப் போகிறாள்?

ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று தூறிக்கொண்டிருந்தது. கவ்வாத்து மலையில் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஆண்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். போனுக்குச் சிக்னல் கிடைக்கிற தண்ணீர் டேங்க் மேட்டிலிருந்து லோஜினி மூச்சிரைக்க ஓடி வந்தாள். எட்டு ஏ, ஒரு பி. கணக்குக்கு ஏ, விஞ்ஞானத்துக்கு ஏ. விஞ்ஞான வாத்தியார் வருஷத்தில் பாதி நாள் வராத பள்ளிக்கூடத்தில், அந்தப் பாடத்துக்கு ஒரு ஏ வாங்கியவர் அதுவரைக்கும் யாரும் இல்லை. கணேஸ் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, "ஏய்! எம் மக எட்டு ஏ டோய்!" என்று மலை அதிரக் கத்தினான்.

"அப்ப நம்ம கிளாசுக்கு மொத ஆளு ரெடி தலைவரே" என்றான் பக்கத்து நிரையில் நின்ற ரமேஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். கணேஸும் சிரித்தான். லோஜினி சிரிக்கவில்லை. சாரலில் நனைந்தபடி தகப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் லோஜினியின் தாய் வீரம்மா கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டியிருந்த நனைந்த படங்கை அவிழ்த்துப் போட்டு, ரொட்டி சுட்டாள். கட்டச் சம்பல் இடித்தாள். மகளுக்கென்று முட்டை பொரித்தாள். கணேஸுக்கு அன்றைக்குப் பசியே தெரியவில்லை, வாசலில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எட்டு ஏயைச் சொல்லி முடிக்கவே நேரம் சரியாக இருந்தது. அவன் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் லோஜினி பேச்சை எடுத்தாள்.

"அப்பா, நான் பயோ படிக்கணும்."

"என்னா பயோ?"

"விஞ்ஞானப் பிரிவுப்பா. அது படிச்சாத்தான் நர்ஸ் டிரெயினிங்குக்கு எடுப்பாங்க."

"ஏ.எல். தானே கேக்குறாங்க? அதுதான் இங்கயே வருதே. பாஸ் பண்ணு, பொறவு நர்ஸுக்குப் போடு. யாரு வேணாங்குறா?"

"எல்லா ஏ.எல்.லும் ஒண்ணு இல்லப்பா. இங்க வாறது கலைப் பிரிவு. தமிழ், இந்து நாகரிகம், புவியியல். அத படிச்சிட்டு நர்ஸுக்குப் போட்டா அப்ளிகேசனக் கூட பிரிச்சுப் பாக்க மாட்டாங்க."

கணேஸைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் ஏ.எல். என்ற ஒன்றை யாருமே தொட்டிராத லயத்து வீடுகளில், அது ஒரே மலை. அதற்குள்ளே பல வழிகள் இருக்கின்றன, ஒன்றில் ஏறிவிட்டால் மற்றதுக்குத் தாண்ட முடியாது என்பதெல்லாம் அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவன் ஆபீஸ் ஆபீஸாக நடந்து கேட்டதும் ஏ.எல். தான், கலையா விஞ்ஞானமா என்று கேட்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அப்ப டீச்சராகு. நம்ம பள்ளிக்கூடத்துக்கே டீச்சரா வந்து நில்லு. ஊரே கையெடுத்துக் கும்பிடும்."

"எனக்கு டீச்சர் வேல வேணாம்ப்பா."

வேண்டாம் என்பதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னே வீரம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது லோஜினிதான் ஆஸ்பத்திரியில் கூட நின்றாள். வார்டில் தோட்டத்து அம்மாக்கள் பலர். வலி எங்கே என்று சிங்களத்தில் கேட்டால் அவர்கள் பயத்தில் எல்லாக் கேள்விக்கும் தலையை ஆட்டுவார்கள். லோஜினிக்குச் சிங்களம் வரும். ஒரு கட்டிலில் தொடங்கி எல்லாக் கட்டிலுக்கும் அவளையே கூப்பிட ஆரம்பித்தார்கள். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போகிற அன்று பெரிய நர்ஸ் அவள் தோளைத் தட்டி, நீ இந்த வேலைக்குத்தான் வரவேண்டும் என்றார். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை.

வீரம்மா ரொட்டிக் கல்லை இறக்கி வைத்தாள். "சித்ரா வீடு குண்டசாலையில இருக்கு. சொந்தச் சித்தி வீட்டுல நின்னு படிக்கட்டும். அங்கேருந்து கண்டிக்கு பஸ்ஸு ஓடிக்கிட்டே இருக்குது. இதுல யோசிக்க என்னா இருக்கு?"

"சூடம் அணைச்சிருக்கேன் புள்ள."

"நீங்க அணைச்சீங்க. அவ அணைக்கல்ல."

"வெளையாடாத. மத்தவன் புள்ளைய எல்லாம் கட்டிப் போட்டுட்டு எம் புள்ளைய மட்டும் கண்டிக்கு அனுப்பினா, நாளைக்கு நான் பெரட்டுக் களத்துல வேலைக்கு நிக்கிற ஆளுக முன்னால தலை காட்ட முடியுமா?"

"மாரியாத்தாளுக்கு நான் பொங்க வச்சு சொல்லிக்கிறேன். அவளும் பொம்பளதானே, புரிஞ்சுக்குவா. நீங்க சாமிக்கா பயப்படுறீங்க? ஊரு வாய்க்குப் பயப்படுறீங்க."

கணேஸ் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்தபடியே இருந்தான். பெண்டாட்டி சொன்னது உண்மைதான். உண்மையைச் சொன்னதுதான் அவனுக்குக் கோபம்.

மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு நளீர் சேரிடம் போனான். சேர் மடவளை முஸ்லிம், பேச்சும் அந்த ஊர்ப் பேச்சு, அங்கிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர். எந்த மழைக்கும் நின்றதில்லை. அவராவது, இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று கணேஸ் நினைத்தான். சேர் அந்த உபகாரத்தைச் செய்யவில்லை.

"தலைவர், நான் பொய் செல்லமாட்டேன். இந்தப் புள்ளைக்கு விஞ்ஞானம் படிக்க ஏலும். இங்க வச்சிக்கிட்டா அது பாவம்."

"அப்ப அனுப்பிடவா சேர்?"

"இவ போனா பதினாலு. பதினாலுக்கு கிளாஸ் தரமாட்டாங்க. மத்தப் பதினாலு புள்ளைக்கும் கண்டியில சித்தி வீடு ஈக்கிதா? இல்லையே." சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க கேட்டா இப்பவே விடுகைப் பத்திரம் எழுதித் தாறேன். நீங்கதான் முடிவு செல்லணும். நான் செல்ல ஏலாது."

லோஜினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகப்பன் திரும்பிப் பார்ப்பான் என்று காத்திருந்தாள். கணேஸ் திரும்பாமலே, "ஆபீசர் என்னைக்கு சேர் வாறாரு?" என்று கேட்டான்.

"திங்கக்கிழமை."

அன்று பின்னேரம் குண்டசாலையிலிருந்து சித்ராவின் போன் வந்தது. கண்டியில் பெண்கள் பாடசாலை ஒன்றில் பயோ வகுப்பில் ஒரு இடம் இருப்பதாகவும், தான் நேரில் போய்ப் பேசிவிட்டதாகவும், திங்கட்கிழமைக்குள் பிள்ளையையும் பத்திரத்தையும் கொண்டு வரும்படியும் சொன்னாள். வீரம்மா போனை வைத்துவிட்டுக் கணேஸைப் பார்த்தாள். கணேஸின் முகம் மலர்ந்துவிட்டது. அவனுக்கு வழி கிடைத்துவிட்டது.

"திங்கக்கிழமை மட்டும் இவ இங்க இருக்கட்டும். ஆபீசர் எண்ணிட்டுப் போகட்டும். கிளாஸ் நம்ம கைக்கு வந்துரும். செவ்வாக்கிழமை நானே கொண்டு போயி விடுறேன். பாத்தியா, ஊருக்கும் நல்லது, புள்ளைக்கும் நல்லது."

"திங்கக்கிழமைக்குள்ளன்னு சொல்றாளே."

"ஒரு நாளு முன்னப் பின்ன இருக்கும் புள்ள. போயி கையக் கட்டிக்கிட்டு நின்னா தராமலா போவாங்க? தொரைக்கிட்டயே எத்தன தடவ நாள் கேட்டு வாங்கியிருக்கேன்?"

தோட்டத்தில் எல்லாமே அப்படித்தான் நடக்கும். தோட்டத்தை நடத்துகிற துரை முதலில் முடியாது என்பார். தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். பிறகு ஒரு நாள் கூடக் கிடைக்கும். உலகம் முழுக்க அந்தத் தோட்டத்து ஆபீஸ் வாசல் மாதிரியே இருக்கும் என்று கணேஸ் நம்பினான். லோஜினி அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் அவன் அவள் தலையிலடித்துச் சத்தியம் செய்து, செவ்வாய்க்கிழமை நிச்சயம் என்றதும் அடங்கினாள். அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று பழகிய பிள்ளை.

திங்கட்கிழமை ஆபீசர் வந்தார். வெள்ளைச் சீருடையில் பதினைந்து பிள்ளைகள் புது பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. அவர் விரலை நீட்டி எண்ணினார், சந்தேகத்துக்கு இன்னொரு தரம் எண்ணினார், சரி என்றார். ஊர்ப் பெண்கள் குலவை போட்டார்கள். வெளியே பட்டாசு வெடித்தது. கணேஸின் கழுத்தில் மாலை விழுந்தது. மாலையோடு நின்ற அவன் ஜன்னல் வழியாக மகளைப் பார்த்துச் சிரித்தான். அன்று அவனைவிடச் சந்தோஷமான மனிதன் அந்த மலையில் இல்லை.

செவ்வாய்க்கிழமை விடியக் காலையிலேயே பஸ் ஏறினார்கள். நளீர் சேர் எழுதிக் கொடுத்த பத்திரம் பிளாஸ்டிக் உறைக்குள் லோஜினியின் மடியில் இருந்தது. தெல்தெனியவில் மழை, திகனையில் வெயில், கண்டியில் மறுபடி மழை. பாடசாலை ஆபீசில் இருந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார்.

"நேத்துப் பின்னேரம் வரைக்கும் பாத்தோம் ஐயா. நீங்க வரல்ல. காத்துக்கிட்டிருந்த இன்னொரு புள்ளைக்குக் குடுத்துட்டோம்."

"ஒரே நாளுதாங்கம்மா."

"ஒரு நாளோ ஒரு மணித்தியாலமோ, எங்களுக்கு இருந்தது ஒரு இடம்."

கணேஸ் கையைக் கட்டினான். தலையைச் சொறிந்தான். தான் தோட்டத்துத் தலைவர் என்றான், மகளுக்கு எட்டு ஏ என்றான். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சீமெந்துத் தரையில் வட்டமாகப் பரவியது. அந்த அம்மாவுக்குப் பாவமாகத்தான் இருந்திருக்க வேண்டும், எழுந்து போய் உள்ளே கேட்டுவிட்டும் வந்தார். முடியாது என்றால் முடியாதுதான். தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்கிற இன்னொரு பாடசாலைக்கும் நடந்தார்கள். அங்கே போன கிழமையே இடம் முடிந்திருந்தது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கணேஸ் வடையும் தேத்தண்ணியும் வாங்கி மகள் முன்னால் வைத்தான். அவள் தொடவில்லை.

"கொஞ்சம் தின்னு தங்கம். அடுத்த வருசம் பாப்போம்."

"அடுத்த வருசம் அடுத்த பேட்ச் புள்ளைங்கப்பா."

"அப்பா என்னா வேணும்னா செஞ்சேன்?"

லோஜினி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. "இல்லப்பா. ஒங்களுக்கு ஒரு தல கொறஞ்சிச்சு. என்னைய எண்ணிக் காட்டினீங்க."

திரும்பி வருகிற வழியில் குண்டசாலையில் பஸ் நின்றது. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் கும்பலாக ஏறின, சிரித்தன, ஒன்றின் புத்தகத்தை ஒன்று பறித்தது. லோஜினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹுன்னஸ்கிரிய வரைக்கும் திரும்பவே இல்லை.

வகுப்பு நடந்தது. வகுப்பு நடந்தது என்று சொல்வதற்கு மேலே அதைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புவியியலுக்கு வந்த டீச்சர் மூன்று மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தமிழுக்கு வருவதாகச் சொன்னவர் வரவே இல்லை. இந்து நாகரிகத்தை நளீர் சேரே நோட்ஸ் வாங்கி ராத்திரியில் படித்து, காலையில் வந்து படிப்பித்தார். கோயில் கோபுரத்து நிலைகளை அவர் கரும்பலகையில் கீறி விளக்குகிறபோது பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும், அவருக்கும் வரும். பாவம், மனிதர் தன்னால் முடிந்ததைச் செய்தார். பதினைந்தில் ஐந்து பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கார்மெண்டுக்குக் கழன்றன. சூடம் அணைத்த தகப்பன்மார்தான் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களை மாரியம்மனும் ஒன்றும் செய்யவில்லை, ஊரும் ஒன்றும் பேசவில்லை.

லோஜினி தினமும் போனாள். முதலாவதாக வந்தாள். வீட்டில் வேலை சொன்னால் செய்தாள், தகப்பன் கேட்டதற்குப் பதில் சொன்னாள், தானாக ஒரு பேச்சும் பேசுவதில்லை. லயத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முன்பெல்லாம் ஓடிப் போய்த் தொட்டுப் பார்க்கிறவள், இப்போது எழுந்திருப்பதே இல்லை. அதுதான் வீரம்மாவுக்குத் தாங்கவில்லை. "மனுசியாட்டம் இருந்த புள்ளைய மரமாக்கிட்டீங்களே" என்று ஒரு நாள் கொழுந்து மலையிலேயே வைத்துக் கணேஸைக் கேட்டாள். அவன் நிரையில் இறங்கிவிட்டான்.

அடுத்த வருஷத்து ஓ.எல். பெறுபேறு வந்தது. மேல் லயத்து வேலாயியின் மகள் நிரோசாவுக்கு ஆறு ஏ, அதில் விஞ்ஞானம் ஒன்று. வேலாயி கணேஸுக்குத் தங்கை முறை. புருஷன் செத்த பிறகு எதற்கும் அவனைக் கேட்டுத்தான் செய்வாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், விறகுக்குப் போகிற வழியில் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நிரோசா கண்டிக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. பயோவாம். ஹாஸ்டல்ல எடம் தாறாங்களாம். எனக்கு என்னா தெரியும்? நீங்க சொல்லுங்க."

கணேஸ் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். கல்லில் கத்தி நின்றது.

"நான் அவகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் வேலாயி. "தலைவரு மகளே எட்டு ஏ எடுத்து இங்கதான் படிக்கிறா. நல்லதா இல்லாட்டி சொந்தப் புள்ளைய வச்சிருப்பாராடின்னு கேட்டேன். வாயடைச்சுப் போயிட்டா. சரிதானே அண்ணே?"

போகச் சொல், இன்றைக்கே போகச் சொல் என்று கணேஸுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் தன் மகளைத் தானே கெடுத்தேன் என்று இந்த வாசலில், உள்ளே இருக்கிற அவள் காது கேட்கச் சொன்னதாகிவிடும். மாலை, பட்டாசு, தலைவர் எல்லாமே பொய்யாகிவிடும். அந்த ஒரு வருஷத்துக்கு அவனிடம் மிச்சமிருந்தது அவை மட்டும்தான்.

"சரிதான்" என்றான். "இங்கயே இருக்கட்டும். பொம்பளப் புள்ள, கண்ணு முன்னால இருந்தா நல்லதுதானே."

உள்ளேயிருந்து லோஜினி வந்தாள். ஈரத் தலையில் துவாய் சுற்றியிருந்தது.

"அத்தே, அவரு சொல்றத கேக்காதீங்க. நான் கேட்டேன், இப்ப இங்க நிக்கிறேன்."

வேலாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே வீரம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. இப்போதாவது சொல்லலாம். மகள் பாதியைச் சொல்லிவிட்டாள், மீதியை ஆமா என்ற ஒரு சொல்லில் முடித்துவிடலாம்.

கணேஸ் சிரிக்கப் பார்த்தான். "பரீட்சை கிட்ட வருது, அந்தக் கோவத்துல பேசுது. நீ ஒண்ணும் யோசிக்காம போ."

வேலாயிக்கு மனசு லேசாகிவிட்டது. பெரிய முடிவை யாரோ எடுத்துக் கொடுத்த நிம்மதியில் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினாள். லோஜினி தகப்பனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு செருப்புக்கூடப் போடாமல், அவன் தீட்டிக்கொண்டிருந்த கத்தியைத் தாண்டிக்கொண்டு, வேலாயிக்குப் பின்னால் ஓடினாள்.

"அத்தே, நில்லுங்க! அத்தே!"

பனி இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்திலேயே இருவரும் மறைந்துபோனார்கள், குரல் மட்டும் கேட்டது. மகளைக் கூப்பிட்டு நிறுத்த வேண்டும் என்று கணேஸ் எழுந்து நின்றான். எழுந்தவன் கூப்பிடவில்லை. வேலாயி நின்றுவிட வேண்டும், அந்தப் பிள்ளை சொல்வதைக் கேட்டுவிட வேண்டும் என்று உள்ளுக்குள்ளே வேண்டிக்கொண்டு நின்றான். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் அவனால் முடியவில்லை.